பெட்டியை எங்கே போட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

உடன்குடிப் பக்கம் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டு, கார்த்திகை மாதம் கோவையிலிருந்து குடும்பத்தோடு இரண்டு நாள் வந்திருந்தோம். சனிக்கிழமை திருச்செந்தூரில் தரிசனம். ஞாயிறு காலை மணப்பாடு, அங்கிருந்து குலசை என்கிற குலசேகரன்பட்டினம், உடன்குடி. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். மீன் ஏலம் பார்க்கலாம் என்று விடியும் முன்பே மணப்பாட்டுக்குப் போனோம், கரையில் ஆளே இல்லை. மதியம் ஓட்டலில் கிடைத்தது கோவையிலும் கிடைக்கும் அதே பரோட்டா, அதே சிக்கன். உடன்குடியில் வாங்கிய கருப்பட்டி வீடு வந்து சேர்வதற்குள் பிசுபிசுத்துவிட்டது, கலப்படமாக இருக்குமோ என்று வீட்டில் சந்தேகம். வில்லுப்பாட்டு எங்கே நடக்கிறது என்று விசாரித்தால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கைவினைப் பொருள் எதுவும் கண்ணில் படவில்லை. கோயில் வாசலில் வாங்கிய சில்லுக்கருப்பட்டி மட்டும் பிரமாதம். ரயிலிலேயே தின்று தீர்த்து, பெட்டியைப் போட்டுவிட்டோம். ராஜஸ்தானில் இதையெல்லாம் ஒரே வளாகத்தில் எவ்வளவு அழகாகக் காட்டுகிறார்கள்! நம்மூரில் ஏன் முடிவதில்லை? எல்லாம் அழிந்துவிட்டதா?

கே., கோவை

*

அன்புள்ள கே.,

முதலில் அந்த ஓலைப்பெட்டி.

கைவினைப் பொருள் எதுவும் கண்ணில் படவில்லை என்று எழுதிவிட்டு, இரண்டே வரி தள்ளி, பெட்டியைப் போட்டுவிட்டோம் என்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், தின்று முடித்தால் பெட்டி அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் பிள்ளைகள் கையில் பிய்ந்துபோகும். ஆனால் நீங்கள் தேடி வந்தது அதைத்தான். கையில் வைத்திருந்தீர்கள்.

அந்தப் பெட்டி முடைவதை நான் பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பனையின் குருத்தோலையை வெட்டி வெயிலில் காயவைத்து, நடுவிலுள்ள ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். பிறகு ஓலையைச் சன்னமாக வகிர வேண்டும். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இதைக் கத்தியில்லாமல் கட்டைவிரல் நகத்தாலேயே செய்வார். அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டவே மாட்டார். அடியில் பாய் மாதிரி சதுரமாகப் பின்னிக்கொண்டு, நான்கு மூலையையும் மடக்கிச் சுவர் எழுப்புவார். கடைசியில் மூடி. மூடி பெட்டியைவிட ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும். அதிகமானால் கழன்று விழும், குறைந்தால் ஏறாது. ஆச்சி அளவெடுத்து நான் பார்த்ததில்லை. சீரியல் பார்த்துக்கொண்டே முடைவார். இடையில் ஒரு சாயமேற்றிய ஓலையை, பெரும்பாலும் அந்தக் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம், ஓட விடுவார். எதற்கு என்று கேட்டேன். “சும்மா வெள்ளையா இருந்தா நல்லாவா இருக்கும்?”

இதற்குத் தனியாக விலை கிடையாது, சில்லுக்கருப்பட்டியின் விலையிலேயே அடக்கம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையில் நாலு வரி எழுதியிருந்தால் நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்தில் ஓலை வேலை பெரும்பாலும் எதையாவது போட்டு வைக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. கருவாட்டுக்குக் கடகப்பெட்டி, சோற்றுக்கு நார்ப்பெட்டி, புடைக்கச் சுளகு, பதநீர் குடிக்கப் பட்டை. உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு வெளியே இருப்பதை விடுவது அதன் தலையெழுத்து. மணப்பாட்டில் பெண்கள் பின்னும் கூடைகளுக்கு மட்டும் வெளியூரில் கொஞ்சம் மதிப்பு உண்டு, அவை காலியாகவே விற்கப்படுவதால்.

சரி, கருப்பட்டிக்கு வருவோம். அது பிசுபிசுத்தது நல்ல சகுனம் என்று வீட்டில் சொல்லுங்கள். நீங்கள் வந்தது அடைமழைக் காலம். நல்ல கருப்பட்டி ஈரக்காற்றைக் குடித்து இளகும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஓலைப்பெட்டியில் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் வைப்பார்கள். கார்த்திகை மழையிலும் கல் மாதிரி நிற்கிற கருப்பட்டியைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கலப்படம் இல்லை என்று சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. கணக்கு எளிது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும். நல்ல மரம் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் தரும். அதாவது உங்கள் கையிலிருந்த ஒரு கிலோ, மூன்று மரங்களின் ஒரு நாள். ஒவ்வொரு மரத்திலும் ஒருவர் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிவிட்டு இறங்க வேண்டும். அப்புறம் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அவர் மனைவி மணிக்கணக்காக நின்று, பதநீர் கெட்டிப் பாகாகி, அதாவது கூப்பனியாகி, பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்ற வேண்டும். விறகு தனி. இவ்வளவுக்கும் பிறகு அது வெல்லத்தின் விலைக்குக் கிடைக்கிறது என்றால், யாரோ ஒருவர் சட்டிக்குள் சீனி மூட்டையைக் கவிழ்த்திருக்கிறார். நானும் ஏமாந்திருக்கிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சாலையோரக் கடை ஒன்றில் இரண்டு கிலோ வாங்கிப்போய், காபி போட்டால் சுத்தமான சீனித் தண்ணீர். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஓர் உவர்ப்பு தட்டும். நாக்கு அதைத்தான் தேட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்தில் குலசையில் கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதற்காகவே திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. 1940-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அன்று கருப்பட்டியிலிருந்து சீனி எடுத்தார்கள், இன்று சீனியிலிருந்து கருப்பட்டி எடுக்கிறார்கள். 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் ‘உடன்குடி கருப்பட்டி காபி’ போர்டுகள் பெருகியிருக்கின்றன, பனையேறுகிறவர்கள் பெருகவில்லை. அப்பா ஏறிய மரத்தில் மகன் ஏறுவதில்லை. ஏறச் சொல்ல எனக்கும் வாய் வராது. நெஞ்சிலும் கணுக்காலிலும் காய்த்துப்போன அந்தத் தோலைப் பக்கத்தில் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மீன் ஏலத்துக்கு நீங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், எல்லாம் கத்தோலிக்கக் கடற்கரை. ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். நீங்கள் கரையில் ஆளில்லை என்று நின்றிருந்த நேரத்தில் ஊரே கோயிலில் இருந்திருக்கும். கொஞ்சம் மேலே ஏறி மணல்மேட்டுத் திருச்சிலுவைக் கோயிலுக்குப் போயிருந்தால், மீன் இல்லாவிட்டாலும், நேற்று மீன் பிடித்தவர்களைப் பார்த்திருக்கலாம். சாப்பாட்டுக் குறையும் இதே கதைதான். ஊர் சாப்பிடுவது ஒன்று, ஓட்டல் விற்பது ஒன்று. காயல்பட்டினம் வழியாகப் போனீர்களே, இறங்கி மாலையில் ஒரு வாடா தின்றிருக்கலாம். வடை இல்லை, வாடா. மாவுக்குள் மீனோ இறாலோ வைத்துப் பொரிப்பது.

நீங்கள் வந்த மாதத்தின் உண்மையான பலகாரம் எந்தக் கடையிலும் இல்லை. திருக்கார்த்திகைக்கு எங்கள் வீடுகளில் ஓலைக்கொழுக்கட்டை அவிப்போம். பச்சரிசி மாவில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பூவும் சுக்கும் ஏலமும் போட்டுப் பிசைந்து, சாண் நீளம் நறுக்கிய குருத்தோலையின் மடிப்புக்குள் வைத்து, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து, ஓலைக் கிழிசலாலேயே கட்டி ஆவியில் வைப்பது. வெந்தபின் கட்டைப் பிரித்தால் கொழுக்கட்டையின் மேல் ஓலையின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். பச்சை ஓலை வெந்த வாசம்தான் அதன் ருசியில் பாதி. ஆறினால் அதுவும் போய்விடும், அதனால் விற்கவும் முடியாது. ஒரு வரி எழுதியிருந்தால் வீட்டுக்கே அழைத்திருப்பேன்.

வில்லுப்பாட்டு எங்கே என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாததற்குக் காரணம், கேள்வி ‘எங்கே’ என்று இருந்தது. ‘எப்போது’ என்று கேட்டிருந்தால் டீக்கடைக்காரரே சொல்லியிருப்பார். கொடை, அதாவது கோயில் திருவிழா, வந்தால் வில்லு வரும். சித்திரையிலோ ஆடியிலோ அம்மன் கோயிலிலும் சுடலைமாடன் கோயிலிலும் கொடை நடக்கும்போது, ராத்திரி மணிகள் கட்டிய வில்லை மண்குடத்தோடு சேர்த்துக் கட்டிவைத்து உட்கார்வார்கள். குடம் அடிப்பவர் குடத்தின் வாயில் பாளைப் பட்டையால் ஓங்கிச் சாத்தும்போது வருகிற ‘தும்’ என்ற ஓசை வயிற்றுக்குள் கேட்கும். பாடுபவர் சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டுக்கு வந்ததும் சாமியாடி துள்ளி எழுவார். அவருக்கு அருள் வரும்வரை பாட்டு நிற்காது. மேடையில் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் பாடுவார்கள், சாமிதான் வராது. குலசை தசராவும் இப்படித்தான். காளி, குறத்தி, கரடி, போலீஸ் என்று பார்ப்பதற்கு அத்தனை வேஷம், ஆனால் போட்டவர் யாரும் கலைஞர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார். நேர்ச்சை. விரதமிருந்து, வேஷத்தோடு ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, அதைக் கோயிலில் சேர்த்துவிட்டு வேஷத்தைக் கலைத்துவிடுவார், மறுநாள் லாரி ஓட்டப் போய்விடுவார்.

ஒரே வளாகத்தில் காட்டலாமே என்பதற்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. கட்டட்டும், நாலு பேருக்குப் பிழைப்பு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பதநீர் பங்குனியில், வில்லு கொடையில், வேஷம் தசராவில், மீன் திங்கட்கிழமையில். இவற்றை ஒரு கூரைக்குள் கொண்டுவந்தால் நாள்காட்டியைக் கிழித்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். அப்போது கிடைப்பதற்கும் நீங்கள் தின்ற பரோட்டாவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த முறை பங்குனி கடைசியில் வாருங்கள், வார நாளில். காலை எட்டு மணிக்குள் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போனால் சூடேறாத பதநீர் பட்டையில் கிடைக்கும். குடிக்கும்போது இரண்டு கையாலும் பிடியுங்கள், சட்டை நனையும்.

அழிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த வாரம் திருச்செந்தூர் போயிருந்தேன், அந்தக் கோயில் வாசலில் சில்லுக்கருப்பட்டி வாங்கினேன். அக்கா பாலிதீன் கவரில் போட்டு நீட்டினார். பெட்டி எங்கே என்றேன்.

“முடையுற ஆச்சிக்குக் கண்ணு ஆபரேஷன், அண்ணாச்சி. அடுத்த மாசம் வாங்க, பெட்டியிலயே தாறேன்.”