மாத்திரைப் பையை முதலில் கொட்டிப் பாருங்கள்

என் மாமியாருக்கு 76 வயது. அல்சைமர் என்று சொல்லி டோனெபெசில் கொடுத்து வருகிறோம். கொஞ்ச நாளாக அடிக்கடி சிறுநீர் போய்விடுகிறது என்று வேறொரு டாக்டரிடம் காட்டினோம், ஆக்ஸிபியூட்டினின் எழுதினார். இப்போது சாயங்காலம் ஆனால் போதும், 'என் வீட்டுக்குப் போகணும்' என்று வாசல் கதவைப் பிடித்து உலுக்குகிறார், தடுத்தால் அடிக்க வருகிறார். அதற்கு ரிஸ்பெரிடோனும் ராத்திரி தூக்கத்துக்கு குளோனாசெபாமும் சேர்த்தார்கள். இப்போது பகலெல்லாம் தூங்கி வழிகிறார், போன வாரம் பாத்ரூமில் விழுந்துவிட்டார். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

நீங்களாக நிறுத்தாதீர்கள். குளோனாசெபாமைத் தொடர்ந்து சாப்பிட்டவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதற்காக இந்தப் பட்டியலை இப்படியே ஓடவிடவும் முடியாது. இந்த வாரமே வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும், பிரஷர் மாத்திரை, சளி மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கியது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒரே டாக்டர் முன்னால் கொட்டுங்கள். மூன்று டாக்டர் எழுதியதை மூவரும் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள், இதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல்.

உங்கள் கடிதத்திலேயே விஷயம் இருக்கிறது. டோனெபெசில் மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. மூளையோடு நின்றால் பரவாயில்லை, சிறுநீர்ப்பையையும் அது தூண்டும், சிலருக்கு அடக்க முடியாமல் போகும். அதைப் புது வியாதி என்று நினைத்து ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தால், அது அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிற மருந்து. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. குழப்பம் கூடும், மலச்சிக்கல் வரும், சாயங்கால ரகளையும் அதனாலேயே கூடியிருக்கலாம். அதை அடக்க இன்னொரு மாத்திரை, அப்புறம் தூக்கத்துக்கு ஒன்று. மருந்து மருந்தைக் கூட்டி வருகிறது. அரிப்புக்கு வாங்கும் அவில், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமைன், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிபெனிடில் எல்லாம் இந்த அசிட்டைல்கோலினைத் தடுக்கிற வகைதான். மறதி நோயாளி இருக்கிற வீட்டில் இவற்றை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

ரிஸ்பெரிடோன் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அது மனநோய்க்குக் கொடுக்கிற வகை மருந்து. டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்து கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. சுமார் 10 வாரம் நடந்த ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதம். பிரிட்டனில் 2009-ல் வந்த அரசு அறிக்கை, அங்கே 1,80,000 டிமென்ஷியா நோயாளிகள் இந்த வகை மருந்து சாப்பிடுகிறார்கள், அதில் பலன் கிடைப்பது ஏறக்குறைய 36,000 பேருக்குத்தான், வருடத்துக்கு 1,800 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அதனால் கொடுக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அடிதடி, இல்லாததைப் பார்த்து அலறுவது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் சில வாரங்களுக்குக் குறைந்த அளவில் தேவைப்படும். பிரிட்டனில் இதற்கான அனுமதியே 6 வாரம் வரைதான். என்றைக்கு நிறுத்தப் பார்ப்போம் என்று முதல் நாளே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நம் வீடுகளில் வருடக்கணக்கில் ஓடுவதற்குக் காரணம், நிறுத்துகிற தேதியை யாரும் எழுதாததுதான். இன்னொன்று, உங்கள் மாமியாருக்கு உடம்பு விறைப்பு, தேய்த்துத் தேய்த்து நடப்பது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி என்ற மறதி நோய் வகையாக இருந்தால் இந்த மருந்துகள் ஆளையே சாய்த்துவிடும்.

மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியது வலி. எங்கள் ஓ.பி.க்கு வந்த ஒரு பெரியவர், தட்டை வைத்தாலே தள்ளிவிட்டு மருமகளை அறைவார். வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பல்செட்டைக் கழற்றிப் பார்த்தால் ஈறில் மிளகளவு புண், அது ஆறியதும் அறைவதும் நின்றது. நார்வேயில் முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது: 8 வாரம் முறையாக வலிக்கு மருந்து கொடுத்தார்கள், பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான், ஆவேசம் கணிசமாகக் குறைந்தது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது மெஷினில் தீர்ந்துபோன பேட்டரி, இதையும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஆளே மாறிவிட்டார் என்றால் அது மறதி முற்றியது அல்ல, உடம்பில் வேறு ஏதோ கோளாறு, உடனே காட்ட வேண்டும்.

'வீட்டுக்குப் போகணும்' என்பவரிடம் இதுதான் உன் வீடு என்று வாதாடாதீர்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கெல்லாம் போட்டுவிட்டு, அந்த நேரத்துக்குக் கை வேலை ஏதாவது கொடுங்கள், பூக்கட்டுவதோ கீரை ஆய்வதோ.

விழுந்ததற்கு ரிஸ்பெரிடோன், குளோனாசெபாம் இரண்டுமே காரணமாகலாம். டோனெபெசிலும் நாடித்துடிப்பைக் குறைக்கும், மெட்டோப்ரொலால் போன்ற பிரஷர் மாத்திரையும் கூட இருந்தால் இன்னும் குறையும். ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அதை முதலில் காட்டுங்கள்.

டி.வி.யில் ஞாபக சக்தி மாத்திரை விளம்பரம் வருகிறதே, அப்பாவுக்கு வாங்கலாமா? டோனெபெசிலால் போன ஞாபகம் திரும்புமா?
- வாசகர், மதுரை

திரும்பாது. சிலருக்குச் சில காலம் சரிவைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். 5 மி.கி.யில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் 4 முதல் 6 வாரம் கழித்து 10. குமட்டல், பேதி வரும், ராத்திரி கெட்ட கனவு வந்தால் காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். விளம்பர மாத்திரை பலவற்றில் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சத்து இருக்கும். அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம் சோதித்து, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் காசில் பி12, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அம்மா மாத்திரையைத் துப்பிவிடுகிறார். பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறேன். சரிதானா?
- வாசகி, கோவை

அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். முழுங்கவே சிரமப்படுகிறாரா, கசக்கிறதா, வேண்டாம் என்கிறாரா என்று பாருங்கள், மூன்றும் வேறு வேறு. சாப்பாட்டில் மறைத்துக் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்த மருந்தே தேவையில்லை என்று அவர் எடுத்துவிடவும் கூடும். மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின் மருந்து, தோலில் ஒட்டுகிற பட்டையாகவும் கிடைக்கிறது. கைக்கு எட்டாத மேல்முதுகில் ஒட்டினால் பிய்த்துப் போடமாட்டார். தினமும் இடத்தை மாற்றுங்கள், பழையதைக் கழற்றிய பிறகே புதியதை ஒட்டுங்கள். இரண்டு மூன்று பட்டை ஒன்றாகச் சேர்ந்துபோய் ஆபத்துக்குள்ளானவர்கள் உண்டு. ஒட்டும்போதே அதன்மேல் பேனாவால் தேதி எழுதிவிட்டால் யார் வந்து பார்த்தாலும் தெரியும்.