முடி மாத்திரையும் தைராய்டு முடிவும்

கேள்வி: எனக்கு வயது 36. பள்ளி ஆசிரியை. முழு உடல் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.02 என்றும், ஃப்ரீ டி4 3.4 என்றும் வந்திருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று கார்பிமசோல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை. படபடப்போ, கை நடுக்கமோ, எடைக் குறைவோ எனக்கு இல்லை. முடி கொட்டுவதற்காக நான்கு மாதமாகப் பயோட்டின் (பி வகை வைட்டமின்) 10 மி.கி. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். அறிகுறியே இல்லாமல் இந்த நோய் இருக்குமா? – வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அறிகுறி வெளியே தெரியாமல் இந்த நோய் இருப்பது உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கவனம் முதலில் சென்றது, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த முடி மாத்திரையின் மீதுதான். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான, தைராய்டு மிகையாகச் சுரந்தால் குறைந்துவிடும் டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய இடத்தில் 0.02 ஆகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அதன் மேல் எல்லையைப் போல் இரு மடங்காகவும் இருக்கும்போது, உடல் சிறிதும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை என்றால், அந்த எண்களையே ஒருமுறை சந்தேகிப்பது நியாயம்.

பல ஆய்வகக் கருவிகள் தைராய்டு ஹார்மோன்களை அளக்கப் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளில் பயோட்டின் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்ட்ரெப்டவிடின் என்னும் புரதம் பூசிய நுண்துகள்கள் அந்தப் பயோட்டினைப் பற்றி இழுத்துக்கொள்ளும். உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால், பேருந்தில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்தவர்களைப் போல அது துகள்களை நிரப்பிவிடும். அளக்கப்பட வேண்டியது ஒட்ட இடமின்றிக் கழுவப்பட்டுப் போய்விடும். டி.எஸ்.எச். பரிசோதனையின் அமைப்பில் இதனால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். டி3, டி4 பரிசோதனைகள் வேறு விதமாக அமைந்தவை என்பதால், அவற்றில் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். இரண்டும் சேரும்போது, தைராய்டு மிகைச் சுரப்பின் அச்சு அசலான தோற்றம் தாளில் வந்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி மிகையாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயை உறுதிப்படுத்தும் எதிர்ப்புப் பொருள் பரிசோதனையும் இதே காரணத்தால் தவறக்கூடும்.

ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம்தான். உங்கள் மாத்திரை ஒன்றில் இருப்பது அதைப் போல் 300 மடங்குக்கும் மேல். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இந்தக் குழப்பம் குறித்து எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையும் இப்படிக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போகும் எவரும் இந்த மாத்திரையைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஆகவே, மாத்திரையை நிறுத்திவிட்டு மீண்டும் ரத்தம் கொடுங்கள். குறைந்தது இரண்டு நாட்கள் நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க தைராய்டு சங்கம் கூறுகிறது. உங்கள் அளவுக்கு ஒரு வாரம் விடுவது நல்லது என்பது என் கருத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் நாளாகலாம். மல்டிவைட்டமின் அட்டையிலும் பயோட்டின் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். எல்லா ஆய்வகங்களிலும் இந்தப் பிழை நேர்வதில்லை. பயோட்டின் பாதிக்காத முறையில்தான் அளக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.

கார்பிமசோலைப் பொறுத்தவரை, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பயோட்டின் விவரத்தை இன்றே சொல்லி, மறுபரிசோதனை வரை காத்திருக்கலாமா என்று கேளுங்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் அரிதாக வெள்ளையணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும் என்பதால், இல்லாத நோய்க்கு அதை விழுங்கக் கூடாது. ஏற்கெனவே அதைச் சாப்பிட்டு வரும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். உங்களுக்கும் இடையில் படபடப்போ மூச்சு வாங்குதலோ தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மறுபரிசோதனையிலும் இதே அளவுகள் வந்தால் நோய் உண்மையென்று கொண்டு, கிரேவ்ஸா, தைராய்டு அழற்சியா என்று பிரித்தறிய வேண்டும். தைராய்டு கோளாறே முடியை உதிர்க்கும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். சரியாக வந்துவிட்டால், ஹீமோகுளோபினையும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். பயோட்டின் குறைபாடு மிக அரிது; குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரும்புச்சத்துக் குறைவோ நம் பெண்களிடம் வெகு சாதாரணம்.