வைபர்னம் இலை ஓரம் கருகுவது: உப்புத் தண்ணீர்தான்

ஸ்பெயினின் முர்சியாவிலுள்ள உங்கள் நர்சரியில் அரளி நன்றாக நிற்கிறது, பக்கத்திலேயே வைபர்னம் டைனஸ் என்ற அலங்காரப் புதர் மட்டும் கருகுகிறது, கிணற்று நீரின் ஈ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 4 என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் அடியிலுள்ள முற்றிய இலைகள்தான் ஓரத்திலிருந்து காய்ந்திருக்கின்றன, கொழுந்து பச்சையாகவே இருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் தெரிகிறது. பூஞ்சைமருந்து அடிக்க வேண்டாம், இது உப்பு.

முதலில் ஸ்பிரிங்ளரை நிறுத்திவிட்டுச் சொட்டுநீருக்கு மாறுங்கள். இலைமேல் விழும் உப்பு நேராக உள்ளே இறங்கிவிடும். அப்புறம், தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று கொஞ்சம் கொஞ்சமாக விடாதீர்கள். விடுவதில் கால் பங்காவது அடியில் வடியட்டும். வடிநீரைப் பிடித்து ஈ.சி. பாருங்கள். விடும் நீரைவிட மிகவும் ஏறியிருந்தால் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். உரத்தில் பொட்டாசியம் குளோரைடு இருந்தால் சல்பேட்டுக்கு மாற்றுங்கள்.

சரி, இவ்வளவு செய்தாலும் அந்தத் தண்ணீரில் வைபர்னம் வளர்ப்பது வீண் பிடிவாதம் என்பேன். சேமித்த மழைநீர் இருந்தால் வைபர்னத்துக்கும் அர்பூட்டஸ் புதருக்கும் ஒதுக்குங்கள். கிணற்று நீர் அரளிக்கும், உப்பைத் தாங்கும் ஆட்ரிப்ளெக்ஸ் ஹாலிமஸ் புதருக்கும் போதும். ஆட்ரிப்ளெக்ஸ் இலையின் சாம்பல் பூச்சைக் கவனியுங்கள்: உப்பை ஒதுக்கிவைக்கும் நுண்பைகள் அவை.