ஜிஆர்இ பாடத் தேர்வை எழுதலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டி எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு மலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். சென்ற கோடையில் ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் ஒரு சின்ன புராஜெக்ட் செய்தேன். ரேடியோ வானியலில்தான் பிஎச்.டி. என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நான் பார்த்த துறைகளில் சில, மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுகளில் ஒன்றான இயற்பியல் பாடத் தேர்வை ஆப்ஷனல் என்று போட்டிருக்கின்றன. சீனியர் அக்கா ஒருவர், "அப்படித்தான் போடுவார்கள், எழுதாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள்" என்கிறார். எங்கள் சார், "பாதி இடங்களில் அதை எடுத்தே விட்டார்கள், காசைக் கரியாக்காதே" என்கிறார். பச்சை இலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா?

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

எழுதுங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கட்டுங்கள்.

உங்கள் சார் சொல்வதில் தப்பில்லை. 2019இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் பிஎச்.டி.யை முடிப்பாரா என்பதை இந்த மதிப்பெண் சரியாகக் காட்டுவதில்லை, பெண்களையும் சிறுபான்மையினரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்றது. அதன் புள்ளியியலை மறுத்து அடுத்த ஆண்டே அதே இதழில் ஒரு குறிப்பும் வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது ஏராளமான துறைகள் தேர்வைக் கைவிட்டன, பல துறைகள் திரும்பக் கேட்கவே இல்லை. உயிரியல், வேதியியல், ஆங்கில இலக்கியப் பாடத் தேர்வுகளை நடத்துவதையே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பவை இயற்பியல், கணிதம், உளவியல். ஆகவே மதிப்பெண்ணை ஏற்கவே மாட்டோம் என்று சொல்லும் துறைகளை முதலில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் அவைதான் அதிகம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

மற்ற துறைகளில் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் உங்கள் விண்ணப்பத்தைப் பிரிக்கும்போது என்ன பார்ப்பார்கள்? ஐஐடி, ஐசர் மாணவர் என்றால் பிரச்சினை இல்லை. அங்கிருந்து வந்தவர் யாராவது அந்தத் துறையிலேயே இருப்பார். அந்த மார்க்கை எப்படி எடைபோடுவது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கல்லூரிப் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மார்க் பெரிதா சிறிதா என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. தேர்வு தேவையில்லை என்று ஆனதில் லாபம், ஏற்கனவே பெயர் பெற்ற இடத்தில் படித்தவர்களுக்கும்தான். நம் பிள்ளைகளுக்கோ, மற்றவர்களோடு ஒரே அளவுகோலில் நின்று காட்டக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு, இது அவற்றில் ஒன்று. இந்த மலையில் படித்த பெண்ணுக்கு இயற்பியல் தெரியும் என்று சொல்ல ஒரு வழி திறந்திருக்கும்போது, அதை நாமே சாத்திக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செமஸ்டர் பழக்கத்தோடு போனால் தடுமாறுவீர்கள். 2023 முதல் கணினியில் நடக்கிறது. 70 கேள்விக்கு 2 மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. முத்தோரையில் நீங்கள் தினமும் பார்த்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். செமஸ்டரில் பிரிதிறனுக்கான சமன்பாட்டைத் தருவி என்று பத்து மார்க்குக்குக் கேட்பார்கள், நான்கு பக்கம் எழுதுவீர்கள். பாடத் தேர்வு பாணியில் கேட்டால் இப்படி இருக்கும்: 327 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 530 மீட்டர் தொலைநோக்கி எவ்வளவு கோணத்தைப் பிரித்துக் காட்டும்? ஐந்து விடைகள், ஒன்றுக்கொன்று பத்து மடங்கு வித்தியாசம். அலைநீளம் 0.92 மீட்டர். 530ஆல் வகுத்தால் 0.0017 ரேடியன், அதாவது ஒரு டிகிரியில் பத்தில் ஒன்று, நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. விடையைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். இந்த வேகம் பழக்கத்தில்தான் வரும். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாதீர்கள்.

இனி அந்த வேலை. தேர்வு நடத்தும் இடிஎஸ் நிறுவனமே தன் தளத்தில் பயிற்சிப் புத்தகத்தை இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைத்துவிட்டு, கடிகாரம் பார்த்து ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். 200 முதல் 990 வரையான அளவில் எங்கே நிற்கிறீர்கள் என்று புத்தகத்தில் உள்ள அட்டவணையே சொல்லும். இரண்டு மாதம் படித்துவிட்டு இன்னொரு தாளை எழுதுங்கள். அப்போதும் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கீழே நின்றால் பதிய வேண்டாம். மதிப்பெண் குறைந்தால் அனுப்பாமல் இருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் 150 டாலர் போனது போனதுதான். விண்ணப்பக் கட்டணத்தைச் சில பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி செய்யும். கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள்.

படிப்பது வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். முத்தோரைத் தொலைநோக்கியை நடத்தும் புனே மையத்தில் பிஎச்.டி. சேரவும், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) தேர்வுக்கும், நம் நாட்டு ஆய்வு நிறுவனங்கள் பொதுவாக நடத்தும் ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுக்கும் இதே மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், குவாண்டம், வெப்பவியல்தான். அவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். அமெரிக்கா ஒன்றையே நம்பியிருக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தத் தேர்வுக்காக புராஜெக்ட் அறிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள். முத்தோரையில் உங்களுக்கு வழிகாட்டியவரின் பரிந்துரைக் கடிதம் எந்த மதிப்பெண்ணையும் விடக் கனமானது. நல்ல மாணவி, ஒழுக்கமானவள் என்று நான்கு வரி எழுதினால் பயனில்லை. எந்தத் தரவை எடுத்தீர்கள், குறுக்கீட்டை எப்படி நீக்கினீர்கள், எந்த நிரலை நீங்களே எழுதினீர்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அவருக்கு நினைவு இருக்கும் இப்போதே அறிக்கையை முடித்து, ஒரு பக்கச் சுருக்கத்தோடு அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. தேர்வு செப்டம்பரிலும் அக்டோபரிலும் வரும். செப்டம்பரைக் குறிவையுங்கள். முதல் பயிற்சித் தாளில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.