250-ஐயும் 40-ஐயும் கூட்டினால் 25040 வருவது ஏன்?

கேள்வி: கடைக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன பில் பக்கம் எழுதுகிறேன். விலை 250, டெலிவரி 40 என்று இரண்டு பெட்டிகளில் போட்டுக் கூட்டினால் 25040 வருகிறது. கழித்தால் மட்டும் 210 என்று சரியாக வருகிறது. எங்கே தவறு?

பதில்: பெட்டியில் எண்ணைத் தட்டினாலும் அதன் மதிப்பு உங்கள் நிரலுக்கு எழுத்துச் சரமாகத்தான் (ஸ்ட்ரிங், அதாவது எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாக) வரும். பெட்டியின் வகையை ‘நம்பர்’ என்று குறித்தாலும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. இரு பக்கமும் எண் என்றால் கூட்டும். ஒரு பக்கம் சரமாக இருந்தாலே ஒட்டிவிடும். கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை கிடையாது, அதனால் அது தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது.

மதிப்பை எடுக்கும் இடத்திலேயே, சரத்தை எண்ணாக்கும் நம்பர் (Number) கட்டளையால் நம்பர்(விலை) என்று மாற்றிவிட்டு, அப்புறம் கூட்டுங்கள். 290 வரும்.

சரத்திலிருந்து முழு எண்ணை எடுக்கும் பார்ஸ்இன்ட் (parseInt) கட்டளையைப் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். பில்லுக்கு அது வேண்டவே வேண்டாம். இடமிருந்து படித்துக்கொண்டே போய், இலக்கம் அல்லாத முதல் குறியில் அது நின்றுவிடும். "99.50" கொடுத்தால் 99, "1,250" கொடுத்தால் வெறும் 1. பிழைச் செய்தியும் வராது. நம்பர் அப்படி இல்லை. "1,250" என்பதைப் பார்த்ததும் ‘நேன்’ (NaN), அதாவது எண் அல்ல, என்று சொல்லிவிடும். வாடிக்கையாளருக்கு 1 ரூபாய் பில் போவதைவிட பில் வராமல் நிற்பது எவ்வளவோ மேல்.

சரி, காற்புள்ளியை என்ன செய்வது? மாற்றும் முன் நீக்குங்கள். நாம் லட்சத்துக்கு இரண்டு காற்புள்ளி போடுகிறோம். ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும் ரீப்ளேஸ் (replace) கட்டளையை ரீப்ளேஸ்(",", "") என்று எழுதினால் முதலாவது மட்டுமே போகும். 1,25,000 என்பது 125,000 ஆகி, மறுபடியும் நேன். எல்லாவற்றையும் நீக்க ரீப்ளேஸ்ஆல் (replaceAll) எழுதுங்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில் ரீப்ளேஸ் எல்லாவற்றையும் நீக்கும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்பரிடமும் ஒரு குறை உண்டு: காலிப் பெட்டியை அது 0 என்று எடுத்துக்கொள்ளும். விலை எழுத மறந்தால் பொருள் இலவசமாகிவிடும். ஆகவே பெட்டி காலியா என்று முதலில் பாருங்கள். அடுத்து நம்பர்.இஸ்நேன் (Number.isNaN) வைத்துச் சோதியுங்கள். நேன் தனக்குத்தானே சமமில்லை என்பதால் சமக்குறி போட்டுப் பார்த்தால் பிடிபடாது.

பைசா கணக்கு இருந்தால் இன்னொன்று. 0.1 + 0.2 இங்கே 0.30000000000000004. தொகையை 100-ஆல் பெருக்கி, மேத்.ரவுண்ட் (Math.round) கொண்டு முழு எண்ணாக்கி, பைசாவாகவே கூட்டுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்தால் போதும்.