5 அடி உயரத்துக்கு அகல பார்டர் கூரைப்புடவையா?

மும்பை மாட்டுங்காவில் முகூர்த்தம், உயரம் 5 அடி, கொஞ்சம் பூசின உடம்பு, அம்மாவோ 12 அங்குல பார்டர் காஞ்சிப் பட்டுதான் வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இடுப்பிலிருந்து தரை வரை உங்களுக்கு ஏறக்குறைய 36 அங்குலம்தான் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை பார்டரே எடுத்துக்கொண்டால் இன்னும் குள்ளமாகத்தான் தெரிவீர்கள். 4 அங்குலத்துக்குள் பார்டர், புடவையின் உடல் நிறத்தோடு ஒத்துப்போகும் பார்டர் நிறம், சின்ன புட்டா, அது போதும். அம்மாவின் ஆசைக்கு முந்தானையில் எவ்வளவு ஜரிகை வேண்டுமானாலும் இருக்கட்டும், அது பின்னால்தானே தொங்கும்.

கடையில் தோளில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொசுவம் வைத்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். மடிப்பு வயிற்றருகே புசுபுசுவென்று விரிந்து நின்றால் அந்தப் பட்டு வேண்டாம். என் தங்கையும் உங்கள் உயரம்தான். மெல்லிய பட்டில் கொசுவம் நேராக விழுந்ததும் ஆளே நெடுநெடுவென்று தெரிந்தாள்.

ஜாக்கெட் கை முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும். அப்புறம், மணையில் வெறுங்காலோடுதான் இருப்பீர்கள். அதனால் ஒத்திகையையும் வெறுங்காலிலேயே பாருங்கள். ஹீல்ஸ் போட்டுப் புடவையின் உயரத்தை வைத்தால், அன்றைக்குப் புடவை தரையைக் கூட்டும்.