குரு சொன்ன பாதி உண்மை: விண்வெளிப் படங்களின் ஆசான்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஓபி-வான் கெனோபி லூக்கிடம் சொன்னது பொய்யா?

பதில்: 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், தந்தையின் ஒளிவாளை இளைஞன் லூக்கிடம் தந்த கையோடு, அவரைக் கொன்றது பேரரசரின் கையாளான டார்த் வேடர் என்கிறார், ஜெடாய் என்ற வீரர் மரபைச் சேர்ந்த ஆசான் கெனோபி. 1980இல் வேடரே தந்தை என்று தெரிகிறது. 1983இல் லூக் கேட்கும்போது, நல்லவராக இருந்த உன் தந்தை அழிந்துவிட்டார், அந்தக் கோணத்தில் நான் சொன்னது உண்மையே என்கிறார். ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று தருமர் சொன்ன வகை இது. அங்கே பாதி உண்மை குருவின் ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்தது. இங்கே குருவே பாதி உண்மை சொல்லிச் சீடன் கையில் ஆயுதம் தருகிறார்.

என்னை உறுத்துவது அதன் நோக்கம். ‘தந்தையைக் கொல்ல என்னால் முடியாது’ என்கிறான் லூக். அப்படியானால் பேரரசர் ஏற்கெனவே வென்றுவிட்டார் என்கிறார் கெனோபி. மகனைக் கொண்டே தந்தையைக் கொல்வது என்பதுதான் திட்டம். சீடன் அதை மறுத்ததால்தான் வேடர் மீண்டார்.

ஓர் எச்சரிக்கை: பிற்பாடு எழுதப்பட்டதைக் கொண்டு 1977 படத்தை அளக்காதீர்கள். இரண்டாம் படத்துக்கு லீ பிராக்கெட் 1978இல் எழுதிய வரைவில், லூக்கின் தந்தை வேடர் அல்லர். தனியே ஆவியாக வருகிறார்.

கேள்வி: யோடாவுமா குற்றவாளி?

பதில்: லூக்கின் இன்னொரு ஆசானான யோடாவும் உண்மை தெரிந்தே மௌனம் காத்தார். ஆனால் அவர் வாழும் டகோபா கோளின் குகைக் காட்சியைப் பாருங்கள். ஆயுதம் வேண்டாம் என்கிறார். லூக் எடுத்துச் செல்கிறான். வெட்டிய வேடரின் முகமூடிக்குள் தன் முகத்தையே காண்கிறான். அங்கே யோடா தடுக்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. எனக்கு அந்த யோடாவைப் பிடிக்கும்.

கேள்வி: ஒளிவாளின் நிறங்களுக்கு என்ன பொருள்?

பதில்: என் துறை அல்ல. ஆயுதங்களைப் பற்றி எழுதுபவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கெனோபி பொய் சொன்னாரா என்பதுதான் என் ஐயம்.

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: குவை-கான் ஜின்தானே குறையற்ற ஆசான்?

பதில்: இல்லை. 1999 படத்தில், விடுதலை பெறுவது பின்னாளில் வேடராகும் அடிமைச் சிறுவன் அனகினா, அவன் தாய் ஷ்மியா என்று பகடை உருள்கிறது. சிறுவன் பக்கம் விழும்படி தன் ஆற்றலால் அதைத் திருப்புகிறார். தாய் அடிமையாகவே நிற்கிறாள்.

கேள்வி: இது அநியாயமான வாதம். இருவரையும் பந்தயம் வைக்க உரிமையாளன் சம்மதிக்கவில்லையே. கப்பலும் பழுதாகிக் கிடந்தது.

பதில்: அந்த நாளுக்கு உங்கள் வாதம் பொருந்தும், ஏற்கிறேன். குவை-கானும் விரைவிலேயே இறந்துவிடுகிறார். ஆனால் அடுத்த படத்தின் கதை பத்தாண்டு கழித்துத் தொடங்குகிறது. அதுவரை ஒரு ஜெடாயும் அவளைத் தேடிப் போகவில்லை. அவளை விலைக்கு வாங்கி விடுவித்து மணந்தவர் ஓர் எளிய விவசாயி. பேராற்றல் படைத்த ஜெடாய் சபை செய்யாததை அவர் செய்தார்.

கேள்வி: பற்று கூடாது என்பது அவர்களின் விதி அல்லவா?

பதில்: பற்று கூடாது என்பது சீடனுக்கான விதி. ஒரு தாயை அடிமைத்தளையில் விட்டுவைக்க அது யாருக்கும் உரிமை தரவில்லை. மகன் வந்து சேரும்போது, பாலைவனக் கொள்ளையர் பிடியில் சிதைந்து அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள். அந்த இரவில் அவன் குழந்தைகளையும் விடாமல் வெட்டுகிறான். 2005 படத்தில், அவன் நம்பிய ஒரே பெரியவரான, பின்னாளில் பேரரசராகும் பால்படீனை வேவு பார்க்கச் சொல்வதும் அதே சபைதான். பால்படீன் தீயவர், ஆனால் அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர்தான்.

கேள்வி: வேடர் தந்தை என்பதை கெனோபி ஏன் மறைத்தார்?

பதில்: மூன்றாம் முறை கேட்கப்படுகிறது. முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள். எச்சரிக்கையையும் சேர்த்து.

கேள்வி: யாரைத்தான் நல்ல குரு என்பீர்கள்?

பதில்: 2017 படத்தின் முதிய லூக்கை. பலர் அவரை வெறுத்தார்கள், நான் வெறுக்கவில்லை. தன் மாணவன் இருளுக்குப் போன கதையை, தன்னைத் தேடி வந்த ரே என்ற இளம்பெண்ணிடம் முதலில் சொல்லும்போது ஒன்றை மறைக்கிறார், கெனோபியைப் போலவே. அவள் திரும்பி வந்து உலுக்கிக் கேட்டதும், உறங்கும் மாணவன்மேல் ஒரு கணம் தன் ஒளிவாள் ஒளிர்ந்ததையும், அவன் கண் விழித்து அதைப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறார்.